கோலுக்குப் பின்னால் ஒரு குரல்

இரண்டாம் பாதிக்கு விசில் ஊதி ஓயவில்லை, கோலுக்குப் பின்னாலிருந்து அந்தக் குரல் கிளம்பிவிட்டது.

"டேய் கொக்கு! முட்டியில கையை ஊனிக்கிட்டு யாருக்குடா காத்திருக்க, பஸ்ஸுக்கா?"

அது எதிரணி ரசிகர்களின் பக்கம். கம்பித் தடுப்புக்கு அந்தப்புறம் எங்கே பார்த்தாலும் பச்சைச் சட்டை. அத்தனை பேரும் கொல்லென்று சிரித்தார்கள்.

பட்டப்பெயர் அச்சாகப் பொருந்தியதுதான் கொடுமை. கோல்கீப்பருக்கு உடம்பு என்று தனியாக எதுவும் கிடையாது. காலும் கழுத்தும்தான். முட்டியிலிருந்து கையை எடுத்துவிட்டு நிமிர்ந்து நின்றான்.

அவன் ஆடும் முதல் ஆட்டம் இது. கிளப்பில் ஒப்பந்தம் போட்டதிலிருந்து இதுவரை பெஞ்சுக்கு ஐந்தாவது காலாக இருந்துதான் காலம் தள்ளியிருந்தான். இன்று காலையில் பெரிய கோல்கீப்பர் கார் கதவில் விரலை நசுக்கிக்கொண்டார். அடுத்தவருக்கு வயிறு சரியில்லை. பயிற்சியாளர் இவனைக் கூப்பிட்டு, "நீதான்" என்றார். பிறகு விட்டத்தைப் பார்த்து, "வேற வழியில்லை" என்றும் சேர்த்துக்கொண்டார்.

சொதப்பினால் மறுபடியும் பெஞ்சு. அந்தப் பெஞ்சிலும் அடுத்த வருடம் இடம் இருக்குமா என்பது சந்தேகம்.

முதல் பாதியில் சுலபமாகக் கைக்கு வந்த பந்தையே சுடுபாத்திரம் மாதிரி நழுவவிட்டிருந்தான். அது கம்பத்தில் பட்டுத் திரும்பியதால் மானம் தப்பியது. அவன் அணி ஒரே ஒரு கோல் முன்னால் இருந்தது. அதைக் கட்டிக்காப்பது இப்போது இந்த இரண்டு கைகளின் பொறுப்பு.

"கோலுக்குள்ளயே குடித்தனம் போட்டுட்டியா? வெளிய வாடா, யாரும் கடிச்சிட மாட்டாங்க!"

கொக்கின் காது சிவந்தது. திரும்பிப் பார்க்கவில்லை. விறுவிறுவென்று முன்னால் நடந்துபோய் நின்றான்.

நின்றானோ இல்லையோ, எதிரணியின் நீண்ட பந்து ஒன்று தடுப்பாட்டக்காரர்களைத் தாண்டி உருண்டு வந்தது. கோட்டிலேயே நின்றிருந்தால் கதை முடிந்திருக்கும். இவன் முந்திக்கொண்டு ஓங்கி உதைத்ததில் பந்து மைதானத்துக்கு வெளியே போய் விழுந்தது.

பச்சைச் சட்டைகள் உச்சுக்கொட்டின.

அடுத்தது கார்னர். கோலுக்கு முன்னால் சந்தைக்கூட்டம். இவன் வாயை இறுக மூடிக்கொண்டு நின்றான்.

"ஊமையாடா நீ? கத்தித் தொலை! உங்காளுங்களுக்கு என்ன ஜோசியமா தெரியும்?"

பந்து உயர்ந்து வந்தது. "என்னுது! விடு!" என்று கொக்கு போட்ட கூச்சலில் சொந்த அணிக்காரர்களே மிரண்டு குனிந்தார்கள். பந்து நேராக அவன் நெஞ்சுக்கு வந்து அடங்கியது. இந்தப் பையனுக்குக் குரல் இருக்கிறது என்பதே அணித்தலைவருக்கு அன்றுதான் தெரியும்.

கம்பிக்குப் பின்னால் சிரிப்பு சுத்தமாக வற்றிப்போனது. யாரோ ஒருவன், "யோவ், நீ அவனைத் திட்டுறியா, இல்ல பாடம் எடுக்குறியா?" என்று கேட்டது கொக்குக்கும் கேட்டது.

கடைசி நிமிடம். பெனால்டி கட்டத்துக்குச் சற்று வெளியே எதிரணிக்கு ஃப்ரீ கிக். கொக்கு கையை ஆட்டி ஆட்டி ஐந்து பேரைச் சுவராக நிறுத்தினான்.

"அது சுவரா? துணி காயப்போடுற கயிறு இதைவிட நேரா இருக்கும்! வலது பக்கம் ஓட்டையைப் பாருடா, ஒரு லாரியே போ..."

யாரோ வாயைப் பொத்திவிட்டார்கள்.

கொக்கு சுவரை ஓர் ஆள் அளவுக்கு வலப்பக்கம் நகர்த்தினான். உதைக்க நின்றவனின் முகம் சுருங்கியது. அவன் கண் வைத்திருந்ததும் அந்த ஓட்டையில்தான்.

ஆனாலும் உதைத்தான். பந்து கடைசி ஆளின் தோளில் உரசித் திசைமாறி, இடது மூலைக்குப் பறந்தது. கொக்கு பாய்ந்தான். அத்தனை நீளக் காலும் கையும் கடவுள் எதற்குக் கொடுத்தான் என்பது அந்த நொடியில் விளங்கியது. விரல் நுனியில் பட்ட பந்து கம்பத்தில் மோதி வெளியே போனது.

விசில்.

அணி மொத்தமும் அவன்மேல் குவிந்தது. மூச்சுத்திணறி அவன் வெளியே வந்தபோது, மஞ்சள் கோட்டுப் போட்ட காவலாளி ஒருவர் கம்பியோரம் ஓர் ஆளைக் கையோடு பிடித்து வைத்திருந்தார். தலை கலைந்திருந்தது. பச்சைச் சட்டையில் இரண்டு பொத்தானைக் காணோம். பச்சைச் சட்டைக்காரர்களே பிய்த்திருக்க வேண்டும்.

"தம்பி, ஆட்டம் பூரா உங்களைக் கேவலமாப் பேசின ஆளு இவருதான். போலீஸ்ல ஒப்படைச்சிடவா?"

கொக்கின் காது மறுபடியும் சிவந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"வேணாம்ணே. அவர் உள்ள போயிட்டா நான் எப்படி வீட்டுக்குப் போறது? அப்பா வண்டியிலதான் வந்தேன்."

காவலாளியின் பிடி தானாகத் தளர்ந்தது. அவர் ஒருமுறை மகனைப் பார்த்தார், ஒருமுறை அப்பாவைப் பார்த்தார்.

அப்பா கசங்கிய காலரை நீவிவிட்டுக்கொண்டார்.

"நம்ம பக்கம் டிக்கெட் தீர்ந்துபோச்சு. இந்தக் கூட்டத்துக்கு நடுவுல உக்காந்துகிட்டு, கண்ணே மணியேன்னா கூப்பிட முடியும்?"