முறுக்கினது யாரு?

“எவன்மா இதை மாட்டுனான்?”

தரையில் மண்டியிட்டிருந்த ஜாபிர் தலையைத் தூக்கிக் கேட்டார். கூத்தாநல்லூரில் இருபது வருடமாக பைக் மெக்கானிக் கடை வைத்திருப்பவர். இன்ஜினின் முன்பக்கம் சின்ன டப்பா போல ஒட்டிக்கொண்டிருந்த ஆயில் ஃபில்டரைப் பத்து நிமிடமாகத் திருகிக்கொண்டிருந்தார். அது ஒரு நூல்கூட நகரவில்லை.

“வீட்டுலதான் பாய் மாட்டுனது. மூணு வாரம் இருக்கும்,” என்றாள் செந்தாமரை. “இப்ப ஆயில் கசியுது.”

“கசியாம என்ன செய்யும்? கையால திருகி, ரப்பர் ஒட்டினதும் இன்னும் முக்கால் சுத்து. அவ்வளவுதான் கணக்கு. இதை எவனோ ஸ்பேனர் போட்டு முறுக்கியிருக்கான். உள்ள ரப்பர் நசுங்கியிருக்கும்.”

“ஸ்பேனர் போடல பாய். வெறும் கைதான். நான் பக்கத்துலயே நின்னேன்.”

ஜாபிர் நம்பவில்லை. துணியால் ஃபில்டரைத் துடைத்து வெளிச்சத்தில் பார்த்தார். பெயின்ட்டில் ஒரு கீறல்கூட இல்லை. ஸ்பேனர் பட்டிருந்தால் தடம் தெரிந்திருக்கும்.

“வெறும் கையா!”

“நிஜமாவே அவ்வளவு இறுக்கமா இருக்கா பாய்?”

கேட்டவளின் குரலில் கவலை இல்லை. ஜாபிருக்கு அதுதான் புரியவில்லை. வண்டி கெட்டுப்போனால் முகம் வாடி நிற்பவர்களைத்தான் அவர் பார்த்திருக்கிறார்.

இன்ஜினை ஐந்து நிமிடம் ஓடவிட்டார். சூட்டில் இளகும் என்று நினைத்தார். இளகவில்லை. ஃபில்டரைச் சுற்றி பெல்ட் ஸ்பேனரை மாட்டி இழுத்தார். அது வழுக்கியதில் விரல் முட்டி இன்ஜினில் மோதி ரத்தம் வந்தது.

“விட்டுட்டுப் போம்மா. நாளைக்குப் பாத்துக்கலாம்.”

“இல்ல பாய். இன்னிக்கே கழட்டணும். அங்கன்வாடிக்கு லீவு சொல்லிட்டுத்தான் வந்திருக்கேன். எவ்வளவு நேரமானாலும் உக்காந்திருக்கேன்.”

“அப்ப ஓட்டை போட்டுத்தான் எடுக்கணும். ஃபில்டர் வீணாப் போயிடும்.”

“போகட்டும் பாய்.”

நெல் அறுக்கும் மெஷின் ஒன்று சாலையை அடைத்துக்கொண்டு கடையைத் தாண்டிப் போனது. செந்தாமரை அதை ஒரு கணம் பார்த்துவிட்டுத் திரும்பி, வண்டியின் ஹேண்டில்பாரைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

“நீங்க அடிங்க பாய். நான் பிடிச்சுக்கறேன்.”

நீளமான ஸ்க்ரூடிரைவரை ஃபில்டரின் குறுக்கே அடித்து இறக்கினார் ஜாபிர். இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பினார். தகரம் காகிதம் போலக் கிழிந்து கறுப்பு ஆயில் கொட்டியது. அடித்தட்டு மட்டும் இன்ஜினோடு அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது.

அவருக்கு ரோஷம் வந்துவிட்டது.

“இருபது வருஷத்துல எனக்கு ஆட்டம் காட்டுன ஃபில்டர் இது ஒண்ணுதான். நானா அதுவான்னு பாத்துடறேன்!”

பள்ளிவாசலில் மதியத் தொழுகைக்கான லுஹர் பாங்கு கேட்டது. “இதை முடிச்சுட்டுப் போறேன்,” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு உளியை எடுத்தார். தட்டின் ஓரத்தில் வைத்து, கழற்றும் பக்கமாகச் சுத்தியலால் மெல்லத் தட்டினார். கொஞ்சம் தவறினாலும் இன்ஜினில் அடி விழும். செந்தாமரை மூச்சைப் பிடித்துக்கொண்டு செல்போன் வெளிச்சத்தைக் காட்டினாள். தட்டு, நிறுத்து, துடை, மறுபடி தட்டு. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்ட பிறகுதான் தட்டு மெல்ல அசைந்தது. பிறகு சுழன்று கையோடு வந்தது.

ரப்பர் வளையம் அப்பளம் போலத் தட்டையாக நசுங்கியிருந்தது.

“பாத்தியா? இது சூட்டுல இறுகுனது இல்ல. திருகுன திருகுல நசுங்குனது. அவன் நம்பரைப் போடும்மா. நாலு வார்த்தை கேட்டாத்தான் என் ஆத்திரம் அடங்கும்.”

அதற்காகவே காத்திருந்தவள் போல செந்தாமரை நம்பரைப் போட்டு, ஸ்பீக்கரை அழுத்தி நீட்டினாள்.

“நல்லாத் திட்டுங்க பாய்.”

“ஹலோ! கூத்தாநல்லூர் மெக்கானிக் பேசறேன். என்னய்யா கை அது? கையா, இரும்பா? ஒரு மனுஷன் ஃபில்டரை இப்படியா முறுக்குவான்? ரெண்டு மணி நேரமா என் உசுரை எடுத்துட்டியே! உளி வச்சு அடிச்சுல்ல எடுத்தேன்! இப்படி ஒரு பிடியை நான் பாத்ததே இல்லய்யா!”

மறுமுனையில் ஓர் ஆணின் குரல் தயங்கித் தயங்கி வந்தது.

“நெசமாவா பாய்? அவ சொல்லிக்குடுத்து… சொல்றீங்களா?”

“எதுக்கு இந்தப் பொண்ணு சொல்லிக்குடுக்கணும்? என் விரல்ல ரத்தம் வருதுய்யா!”

போனில் அழுகைச் சத்தம் கேட்டது. அடக்க முயன்று, முடியாமல், அந்த மனிதர் விம்மி விம்மி அழுதார்.

ஜாபிர் பதறிப்போனார். “என்னம்மா இது? நான் அப்படி ஒண்ணும் பெருசா சொல்லிடலையே?”

செந்தாமரை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“என் வீட்டுக்காரர் பாய். இடது கையால வண்டியைப் பிடிச்சுக்கிட்டு, வலது கையால அதைத் திருகினார். ‘கையில பிடியே இல்ல, நீயே முறுக்கிடு’ன்னுட்டு உள்ள போயிட்டார். நான் திருகிப் பாத்தேன், அசையல. அதைச் சொன்னா, ‘ஆறுதலுக்குச் சொல்றே’ன்னு நம்ப மாட்டேங்கறார். அன்னையிலேர்ந்து டாக்டர் சொன்ன பயிற்சியையும் விட்டுட்டார்… எட்டு மாசத்துக்கு முன்னாடி பக்கவாதத்துல விழுந்த கை பாய் அது.”