எஃபிக்கு வைத்த கஞ்சி

“இன்னிக்கும் சரியில்ல, பொண்ணே.”

சமையலறை ஜன்னலில் தலையை நீட்டிச் சொன்னார் மர்டோ. கையில், அவர் தினமும் பஸ்ஸில் வந்து பார்த்துப்போகும் மனைவி எஃபியின் கிண்ணம். ஓட்ஸ் கஞ்சி வைத்தது வைத்தபடி ஆறிக் கிடந்தது.

முதியோர் இல்லத்தில் சமைக்கும் ஐல்சா கிண்ணத்தை எட்டிப் பார்த்தாள்.

“என்ன சரியில்ல? உப்பா, பாலா?”

“அதெல்லாம் எனக்கென்ன தெரியும்? நான் கடலுக்குப் போனவன், அடுப்படிப் பக்கம் போனவன் இல்ல. பசை மாதிரி இருக்கு. அவ்வளவுதான் தெரியும்.”

“சாப்பிட வேண்டியது எஃபி. நீங்க எதுக்கு ருசி பாக்குறீங்க?”

மர்டோ கிண்ணத்தை வைத்துவிட்டுப் போனார்.

எஃபிக்கு ஞாபகமறதி நோய் வந்து இரண்டு வருடம் ஆகிறது. இப்போது சாப்பிடவும் மறந்துகொண்டிருந்தாள். எடை நாற்பத்தொரு கிலோ. நாற்பதுக்குக் கீழே இறங்கினால் இன்வெர்னஸ் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இங்கிருந்து நூறு மைல். போன குளிர்காலத்தில் இதே இல்லத்திலிருந்து அப்படிப் போன டேவினா திரும்பி வரவில்லை.

வெள்ளிக்கிழமை மறுபடி எடை பார்ப்பார்கள். இன்று திங்கள்.

ஐல்சா அந்த ஆறிய கஞ்சியை ஒரு வாய் எடுத்து வைத்துப் பார்த்தாள். முகம் சுளித்தது. இருபது வருடமாகக் கிண்டுகிறாள், ஒரு நாளாவது தானே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறாளா? காலையில் அவளுக்கு ரொட்டிதான்.

செவ்வாய்க்கிழமை பாக்கெட் ஓட்ஸை ஒதுக்கிவிட்டு, மில்லில் உடைத்த கரடான ஓட்ஸை முதல் நாளே ஊறப்போட்டுக் காய்ச்சினாள். கிண்ணம் முக்கால்வாசி திரும்பி வந்தது.

புதன்கிழமை, பாதி வெந்த பிறகே உப்புப் போட்டாள். அடுப்பை விட்டு நகராமல் மரக்கழியால் கிண்டினாள். மற்றவர்களின் முட்டை கருகியது. கருகட்டும் என்று விட்டாள்.

“நேத்துக்கு இது தேவல. ஆனா இன்னும் அது வரல,” என்றார் மர்டோ.

“எது வரல?”

“தெரிஞ்சா சொல்லமாட்டேனா?”

ஐல்சாவுக்குக் கழியை அவர் தலையில் போடலாம் போல இருந்தது.

வியாழக்கிழமை, மர்டோவின் பஸ் வருவதற்கு முன்பே கஞ்சியைத் தானே கொண்டுபோய் எஃபியின் முன் வைத்தாள். எஃபி ஸ்பூனை எடுத்தாள். கஞ்சியை அள்ளினாள். ஆனால் வாய்க்குக் கொண்டுபோகாமல், வலதுபக்கம் ஒன்றுமில்லாத இடத்தில் முக்குவதுபோல் தாழ்த்தினாள். மேஜையில் இரண்டு தட்டுத் தட்டினாள். அப்படியே வைத்துவிட்டாள்.

“நோயோட வேலை அது,” என்றாள் நர்ஸ்.

நாள் முழுக்க அந்த ஸ்பூன் ஐல்சாவின் கண்ணைவிட்டு அகலவில்லை. சாயங்காலம் பாத்திரம் தேய்க்கும்போதுதான் உறைத்தது. பழைய வீடுகளில் கஞ்சியில் பாலை ஊற்றமாட்டார்கள். பக்கத்தில் ஒரு கோப்பையில் குளிர்ந்த பாலேடு இருக்கும். ஒவ்வொரு ஸ்பூன் சூடான கஞ்சியையும் அதில் முக்கித்தான் வாயில் வைப்பார்கள்.

வெள்ளிக்கிழமை காலை அப்படியே செய்து, முதலில் தான் ஒரு ஸ்பூன் சாப்பிட்டாள். பிறகு நின்றபடியே இன்னும் மூன்று. இதையா இத்தனை வருடம் வேண்டாம் என்றிருந்தோம் என்று தோன்றியது.

கிண்ணமும் கோப்பையும் உள்ளே போயின. ஐந்து நிமிடம் ஆயிற்று. பத்து ஆயிற்று. ஜன்னலில் மர்டோவின் தலை தெரியவில்லை. எடை மெஷினைத் தள்ளிக்கொண்டு நர்ஸ் அந்தப் பக்கம் போனாள். ஐல்சாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. எட்டிப் பார்க்கப் போனாள்.

எஃபியின் கை மடியில் கிடந்தது. கிண்ணம் மர்டோ கையில். ஸ்பூனைப் பாலேட்டில் முக்கி, சப்புக் கொட்டிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“வெக்கமா இல்ல உங்களுக்கு?” வாசலில் நின்றே கேட்டாள் ஐல்சா. “பாக்க வர்றவங்களுக்குச் சாப்பாடு கிடையாதுன்னு சுவத்துல எழுதிப் போட்டிருக்கு. நோயாளி சோத்தைப் பிடுங்கித் திங்கிறீங்களே. நாலு நாளா உங்க நாக்குக்காகவா நான் கிண்டுனேன்? சாப்பாட்டு நேரத்துல இனிமே உங்களை உள்ள விடவேணாம்னு சொல்லப்போறேன்.”

மர்டோ காதுமடல் வரை சிவந்தார். ஆனால் அவள் பக்கம் திரும்பவில்லை.

“கொஞ்சம் பொறு, பொண்ணே. இப்பப் பேசாத. என் முகம் மாறிடும்.”

அப்போதுதான் ஐல்சா எஃபியைப் பார்த்தாள். எஃபி இமைக்காமல் மர்டோவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மர்டோ இன்னொரு வாய் சாப்பிட்டார். கண்ணை மூடி மெல்ல விழுங்கினார். அவர் நெற்றிச் சுருக்கம் தளர்ந்தது.

எஃபி வாயைத் திறந்தாள்.

ஒரு வாய். இன்னொரு வாய். பிறகு அவர் கையிலிருந்து ஸ்பூனைத் தானே வாங்கிக்கொண்டாள்.

எடை மெஷின் வாசலுக்கு வந்துவிட்டது. “பத்து நிமிஷம் கழிச்சு வா,” என்று நர்ஸிடம் சொல்லிக் கதவைச் சாத்தினாள் ஐல்சா.

“முன்னாடியே சொல்லியிருக்கலாமே, மர்டோ.”

“சொன்னா, நல்லா இருக்குற மாதிரி முகத்தை வச்சுக்கங்கன்னு சொல்லியிருப்ப. அதையும் செஞ்சு பாத்துட்டேன்.” சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “கல்யாணமான நாள்லேர்ந்து, நான் முதல் வாய் சாப்பிடுற முகத்தைப் பாத்துட்டுத்தான் தன் வாயில வைப்பா. என் பேரு மறந்துபோச்சு, அது மறக்கல. பொய் முகத்துக்கு ஏமாற மாட்டேங்கிறா. எனக்கு நெசமாவே பிடிச்சாத்தான் இவ வாயைத் திறப்பா.”