ஆட் பெட்டி

"நீங்க ஆட்-ஆமே?" என்று இஸ்திரிக்காரி கேட்டதும், கடிகாரக்காரர் நெற்றியில் ஏற்றி வைத்திருந்த பூதக்கண்ணாடி நழுவி மூக்கில் வந்து நின்றது.

சலவைக்கடைக் கல்லாவில் உட்கார்ந்திருந்த, கடைக்காரரின் மருமகளுக்கு இருமல் வந்துவிட்டது.

இருமினால் இருமட்டும். இதைக் கேட்க இஸ்திரிக்காரி மாசக்கணக்காகத் தைரியம் சேர்த்திருந்தாள். நாற்பதைத் தாண்டிய ஒருத்தி, உங்களுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்று ஓர் ஆம்பளையிடம் நேராகக் கேட்டுவிட முடியுமா? உலை வாயை மூடலாம், ஊர் வாயை?

நல்லவேளை, நேற்று மருமகளே போகிற போக்கில் சொன்னாள். "எதிர்க்கடைக் கடிகாரக்காரர் இருக்காரே, ஆளு சரியான ஆட், அக்கா."

ஆட் என்றால் என்னவென்று இஸ்திரிக்காரிக்குத் தெரியாதா? சலவைக்கடையில் சேர்ந்த அன்றே இந்த மருமகள்தான் ஓர் அட்டைப்பெட்டியைக் காட்டினாள்.

"இது ஆட் பெட்டிக்கா."

"ஆடா? பெட்டிக்குள்ளயா?"

"ஆடு இல்லக்கா, ஆட். இங்கிலீஷு. ஜோடி இல்லாத சாக்ஸெல்லாம் இதுல போடுங்க."

அன்றிலிருந்து அவளுக்கு ஆட் என்றால் ஜோடி இல்லாதது.

பெட்டியில் பாதி கடிகாரக்காரருடையது. அந்தக் கடையில் துணியை எண்ணி வாங்குவதில்லை, எடை போட்டுத்தான். துவைத்து உலர்த்திப் பார்த்தால் வாராவாரம் அவர் சாக்ஸில் ஒன்று ஒற்றையாய் நிற்கும். மறுநாள் வந்து, "இதுக்கு ஜோடி கிடைச்சுதாங்க?" என்பார். உயரமான மேசைக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் அவள், நடுவில் பெட்டி. இரண்டு பேருமாகக் கிண்டுவார்கள். பச்சை வரும், மஞ்சளில் கறுப்புக் கோடு போட்டது வரும். ஜோடி மட்டும் வராது.

"மெஷின் திங்குதா, நீ திங்கிறியா?" என்று கடைக்காரர் அவளைத்தான் கடிப்பார்.

திட்டு வாங்கினாலும், கிண்டுகிற அந்தக் கொஞ்ச நேரத்துக்காக அவள் வாரம் முழுக்கக் காத்திருப்பாள்.

"யாரு சொன்னா?" என்றார் கடிகாரக்காரர், மூக்கில் நின்ற கண்ணாடி வழியே பார்த்து.

"யாரு சொன்னா என்ன? இதுல வெக்கப்பட என்ன இருக்கு? நானும் ஆட்தான்."

மருமகளின் இருமல் விக்கலாயிற்று. எழுந்து ஓடி வந்து காதைக் கடித்தாள். "ஐயோ அக்கா! மனுஷங்களச் சொன்னா அர்த்தமே வேற. ஆட்னா ஒரு மாதிரி. கிறுக்கு. அவரு ரெண்டு கால்லயும் வேற வேற சாக்ஸ் போட்டுட்டுத் திரியிறாரே, அதுக்குச் சொன்னேன்."

இஸ்திரிப்பெட்டியின் சூடு முழுக்க இஸ்திரிக்காரியின் முகத்துக்கு ஏறியது. ஒரு மனுஷனைப் பார்த்து நீங்கள் கிறுக்கா என்று கேட்டதும் அல்லாமல், நானும் கிறுக்குதான் என்று வேறு. பூமி பிளந்து தன்னை விழுங்காதா என்று பார்த்தாள். சிமெண்டுத் தரை. பிளக்கவில்லை.

இனி இந்த மனுஷன் இந்தப் படி ஏறுவாரா?

அந்தக் கிசுகிசு காதில் விழுந்த கடிகாரக்காரர் கண்ணாடியை மறுபடி நெற்றிக்கு ஏற்றினார். போகவில்லை.

"அவங்க சொல்ற அர்த்தமும் சரிதாங்க" என்றார். "நீங்க சொன்ன அர்த்தமும் சரிதான்."

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. வேற வேற சாக்ஸா? மேசைக்குப் பின்னாலேயே நிற்பவள் அவர் காலை ஒருநாளும் பார்த்ததில்லை.

எக்கி எட்டிப் பார்த்தாள்.

ஒரு காலில் பச்சை. இன்னொன்றில் மஞ்சள், கறுப்புக் கோடு போட்டது. இரண்டுக்கும் ஜோடி பெட்டிக்குள் கிடந்தது.

கடிகாரக்காரர் மெல்ல ஒரு காலை இன்னொரு காலுக்குப் பின்னால் ஒளித்தார்.

அவள் குனிந்து ஆட் பெட்டியை எடுத்து மேசை நடுவில் வைத்தாள்.

"வாங்க," என்றாள், "ஜோடி எங்க போச்சுன்னு தேடுவோம்."