ஒரே சோபாவில்

மூன்று பேரும் ஒரே சோபாவில் நெருக்கியடித்து உட்கார்ந்ததைப் பார்த்ததுமே, கணவரின் தலைவர் பதவி பறிபோய்விட்டது என்று சுசீலாவுக்குப் புரிந்துவிட்டது.

தங்கராஜுவும் கபிலனும் முகம் பார்த்துப் பேசி ஒரு வருடம் இருக்கும். பண்பாட்டுச் சங்கத்தின் பொங்கல் விழாவைத் தேக்காவில், அதாவது லிட்டில் இந்தியாவில்தான் நடத்த வேண்டும் என்பார் தங்கராஜு. பாதி ஆட்கள் மேற்கே குடிவந்துவிட்டார்கள், ஜூரோங்கில் வைப்போம் என்பான் கபிலன். இருவருக்கும் நடுவில் கிடந்து அல்லாடுவது சங்கத் தலைவர் ரகுபதி, சுசீலாவின் கணவர்.

இன்று காலை சங்கத்தின் ஆண்டுக் கூட்டம். "ரெண்டு பேர்ல ஒருத்தர் இறங்கி வராம நான் விடப்போறதில்ல" என்று சொல்லிக்கொண்டே புதுச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார் ரகுபதி. மத்தியானம் ஆகியும் ஆளைக் காணோம், போனையும் எடுக்கவில்லை. அவருக்குப் பதிலாக, சுவா சூ காங்கில் இருக்கும் அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டியது இந்த இருவரும், கூடவே செயலாளர் நஃபீசாவும்.

"அவரு எங்கண்ணே?"

"அங்க கொஞ்சம் வேலை இருக்கும்மா. முடியணும்" என்றார் தங்கராஜு, தரையைப் பார்த்துக்கொண்டு.

"மீட்டிங்ல என்னதான் நடந்துச்சு?"

"நல்லாத்தான் பேசிட்டிருந்தாரு ஆன்ட்டி" என்று தொடங்கிய கபிலன் பாதியில் நிறுத்திக்கொண்டான்.

"அப்புறம்?"

"அப்புறம்... நானும் தங்கராஜு அங்கிளும் சமாதானமாயிட்டோம்."

இவர்கள் சமாதானமாகி, சேர்ந்து செய்த முதல் காரியம் ரகுபதியைக் கீழே இறக்கியதாகத்தான் இருக்கும். அந்தச் சங்கம்தான் அவருக்குச் சோறு, தூக்கம் எல்லாம். இந்த அவமானத்தை எப்படித் தாங்குவார்? வீட்டுக்கு வர வெட்கப்பட்டு எங்கேயாவது தனியாக உட்கார்ந்திருக்கிறாரோ என்று மனம் அடித்துக்கொண்டது.

என்ன இருந்தாலும் வீடு தேடி வந்தவர்கள். காபி கலந்து கொண்டுவந்து வைத்தாள். ஒருவரும் தொடவில்லை. கோப்பைகளில் ஆடை படிந்தது.

"சங்கத்துக்குத்தான் அவரு வேணாம். எங்க வீட்டுக் கோப்பியும் வேணாமா?"

"அப்படியெல்லாம் பேசாதீங்கக்கா. வந்து உட்காருங்க" என்று நஃபீசா அவள் கையைப் பிடித்தாள்.

"ரக்ஷனா எப்பம்மா வருவா?" என்று கேட்டார் தங்கராஜு.

"என் மக வேலைக்குப் போயிருக்கா. உங்க சங்கத்துச் சண்டையில அவ எதுக்கு?"

அதற்குள் கபிலனின் போன் அதிர்ந்தது. அவன் அவசரமாக எழுந்து வராந்தாவுக்குப் போனான். தணிந்த குரலில் பேசினாலும் உள்ளே கேட்டது.

"இல்ல, இன்னும் சொல்லல. எங்களால முடியல. நீங்க சீக்கிரம் வாங்க."

அடுத்த தலைவரிடம்தான் பேசுகிறான் என்று சுசீலா முடிவுகட்டிவிட்டாள். அதற்கு மேல் அவளால் பொறுக்க முடியவில்லை.

"வாயத் தொறந்து சொல்லுங்கண்ணே. முதுகுல குத்தத் தெரியுது, மூஞ்சியப் பார்த்துச் சொல்லத் தெரியலயா? தேக்காவுக்கும் ஜூரோங்குக்கும் நாயா அலைஞ்சாரு. வீடு வீடா ஏறி இறங்கி ஆள் சேர்த்தாரு. அவரு இல்லாம அந்தச் சங்கம் ஒரு வருஷம் ஓடிடுமா லா?"

தங்கராஜு யாருக்கும் விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை. எதிராளி ஒன்று சொன்னால் திருப்பி நான்கு சொல்பவர். அவரே தலையைக் குனிந்துகொண்டு அத்தனையையும் வாங்கிக்கொண்டார். அவர் எதிர்த்துப் பேசியிருந்தால்கூட சுசீலாவுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

"கபிலா, நாம கீழ போய் ஆக வேண்டியதப் பார்ப்போம். நஃபீசா, நீ இங்கயே இரும்மா" என்று சொல்லிவிட்டு அவர் எழுந்தார்.

தங்கராஜு ஒரு வீட்டை விட்டுக் கிளம்புவது சாதாரணமாக ஒரு தனி விழா. சோபாவில் ஒரு 'வரேம்மா', வாசலில் ஒரு 'வரேம்மா', லிஃப்ட் மூடும்போது இன்னொன்று என்று முடியவே முடியாது. இன்றைக்குச் செருப்பை மாட்டிக்கொண்டு பேசாமல் நடந்தார். கபிலனும் அதேபோல் பின்னால் போனான்.

"வரேன்னு ஒரு வார்த்தை சொல்லக்கூட வாய் வரலையா உங்களுக்கு?" சுசீலா இரும்பு கேட்டைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

இருவரும் நின்றார்கள். கபிலன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். தங்கராஜு அவன் தோளை அழுத்தினார். திரும்பிப் பார்க்காமலே இருவரும் லிஃப்டுக்குள் போய்விட்டார்கள்.

சுசீலா கேட்டை விட்டு நகரவில்லை. சங்கத்தில் யார் வீட்டில் சாவு விழுந்தாலும் ரகுபதியோடு அவளும் போய் உட்கார்ந்துவிட்டு வருவாள். அந்த வீடுகளிலிருந்து மட்டும் இதே தங்கராஜு யாரிடமும் 'வரேன்' சொல்லாமல், திரும்பிப் பார்க்காமல் கிளம்பிப் போவதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள்.

மெல்லத் திரும்பினாள். நஃபீசா முக்காட்டு நுனியால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"அவரை எப்ப கொண்டுவர்றாங்க, நஃபீசா?"