பக்கத்துத் தோட்டம்

"அக்கா, உங்க வெங்காயத் தாளு என்ன இப்படிப் பசேல்னு நிக்குது! கண்ணு பட்ரும் போங்க" என்றாள் அனுப்பிரியா, மற்ற பெண்களோடு வேனிலிருந்து இறங்கிய வேகத்தில்.

தன்னைத்தான் சொல்கிறாள் என்று விஜயராணி திரும்பிப் பார்த்தாள். அனுப்பிரியா பார்த்தது வரப்புக்கு இடது பக்கம். அது மயிலாத்தாள் தோட்டம். விஜயராணியின் தோட்டம் வலது பக்கம். அங்கே சின்ன வெங்காயம் பூராவும் திருகல் நோய் விழுந்து, தாள் சுருண்டு, மஞ்சளாகிப் படுத்துக் கிடந்தது.

"அது என்றது இல்லீங்க, பக்கத்துத் தோட்டம்" என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும்? சொல்லியிருக்கலாம். ஆனால் பொங்கலூரைச் சுற்றி ஊர் ஊராக ஸ்கூட்டியில் அலைந்து, பத்துப் பெண்களைப் பேசிப் பேசிச் சம்மதிக்க வைத்து வரவழைத்தவளே விஜயராணிதான்.

விவசாயம் பார்க்கிற பெண்களுக்கு என்று ஒரு குழு. விளைவிக்கத் தெரிந்த ஒருத்தி, தடுமாறுகிற ஒருத்திக்குக் கூடவே நின்று சொல்லிக்கொடுக்க வேண்டும். வெளியூர்க்காரிகள் எல்லோரும் தோட்டத்தைப் பார்த்த பிறகுதான் பெயர் கொடுப்போம் என்றிருந்தார்கள். நோட்டில் 'வழிகாட்டி' என்று கோடு போட்டு, முதல் பெயராகத் தன் பெயரை நேற்றே எழுதி வைத்துவிட்டாள் விஜயராணி. வழிகாட்டியின் வெள்ளாமையே இந்த லட்சணம் என்றால் எவள் சேருவாள்?

"ஆமா கண்ணு, நம்முளதுதான்" என்று சொல்லிவிட்டாள்.

சொல்லி வாய் மூடவில்லை, மோட்டார் ரூமுக்குப் பின்னாலிருந்து களைக்கொத்தோடு வந்து நின்றாள் மயிலாத்தாள். அத்தனையும் அவள் காதில் விழுந்திருக்கும். விஜயராணிக்கு உயிரே போய்விட்டது.

"ஏனுங்க, நீங்க ஆருங்க?" என்று கேட்டாள் அனுப்பிரியா.

மயிலாத்தாள் விஜயராணியின் முகத்தை ஒரு தரம் பார்த்தாள்.

"பக்கத்துத் தோட்டமுங்க. ரெண்டு களை கெடந்துச்சு, புடுங்கிப் போடலாம்னு வந்தேன்."

மயிலாத்தாளைக் குழுவுக்கு விஜயராணி கூப்பிடவே இல்லை. கையெழுத்துப் போடவே கால் மணி நேரம் ஆக்குகிறவள், யாருக்கு என்னத்தைச் சொல்லிக்கொடுத்துவிடப் போகிறாள் என்று ஒதுக்கியிருந்தாள். அந்தப் பொம்பளைதான் இப்போது தன் தோட்டத்தையே விட்டுக்கொடுத்துவிட்டு, ஒன்றும் நடக்காத மாதிரி நிற்கிறாள். சீ, என்ன பிறவி நான் என்று இருந்தது விஜயராணிக்கு.

எப்படியோ மானம் தப்பியது என்று மூச்சு விடுவதற்குள், பின்னால் விசும்பல் சத்தம். வந்தவர்களில் ஒருத்தி, கலைமகள். ஒற்றை ஆளாய் ஒரு ஏக்கரில் மல்லுக்கட்டுகிறவள்.

"எல்லாருக்கும் நல்லாத்தான் வருது. எனக்கு மட்டுந்தான் இப்படி. என்ற காட்டுல முக்காவாசி திருகிப் போச்சுங்க. எனக்கு வெள்ளாமை ராசியே இல்லீங்கக்கா. என்ற பேரை எழுதாதீங்க. திங்கக்கெழமையிலிருந்து பனியன் கம்பெனி வேலைக்கு வண்டி ஏறிக்கறேன். செக்கிங்குக்கு ஆள் கேட்டிருக்காங்க."

விஜயராணி நோட்டை மூடினாள். இந்த மாதிரி ஒருத்தியும் கம்பெனி வண்டி ஏறக் கூடாது என்றுதானே குழுவே! 'கலைமகளே, என்னுடையதும் போச்சு' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பொய் சொல்ல அத்தனை அவசரப்பட்ட வாய், இப்போது பூட்டிக்கொண்டது.

"அட, இங்க வா கண்ணு." மயிலாத்தாள் கலைமகளின் கையைப் பிடித்து வரப்பைத் தாண்டி இழுத்துப் போனாள். மற்றவர்களும் பின்னாலேயே போனார்கள். "உனக்கு மட்டும்னு ஆரு சொன்னது? இதைப் பாரு. இது என்ற தோட்டம்."

சுருண்டு கிடந்த வெங்காயத்தைப் பார்த்துப் பெண்கள் "அய்யோ சாமி" என்றார்கள்.

"ஐப்பசி மழை விட்ட பொறகும் சொட்டுநீரை நிறுத்தாம ஓட்டுனேன். அது மொதத் தப்பு. தாளு வெளுத்ததும், சத்துப் பத்தலைன்னு யூரியாவை அள்ளி வெச்சேன். அது ரெண்டாவது. நோயின்னு தெரிஞ்சு மருந்தடிக்கறதுக்குள்ள முடிஞ்சு போச்சு. நீ என்ன பண்ணுன?"

"நானும் யூரியாதானுங்க வெச்சேன்!" கலைமகள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அவ்வளவுதான். ராசியுமில்ல, ஒரு மண்ணுமில்ல. மிச்சம் கால்வாசி நிக்குதல்ல? நாளைக்குக் காலையில வாரேன். ரெண்டு பேருமாப் பாப்போம்."

"நெசமா வருவீங்களா? அப்ப வண்டிக்காரருகிட்ட வல்லைன்னு சொல்லிப் போடறனுங்க."

விஜயராணி குனிந்த தலை நிமிரவில்லை. அத்தனையும் அவள் செய்த தப்பு. ஒன்று விடாமல், வரிசை கூட மாறாமல்.

"இத்தனைக்கும் பக்கத்துத் தோட்டத்துல அப்பவே சொன்னாங்க" என்று சிரித்தாள் மயிலாத்தாள். "தண்ணிய நிறுத்துங்க, யூரியா வேண்டாமுன்னு. ஆரு கேட்டா?"

"பக்கத்துத் தோட்டம்னா நம்ம விஜயராணி அக்காதானே!" என்று துள்ளினாள் அனுப்பிரியா. "பாத்தீங்களா? இதுக்குத்தான் ஒரு வழிகாட்டி வேணுங்கறது!"

பத்துப் பேரும் கை தட்டினார்கள். கலைமகளும் தட்டினாள்.

அந்தக் கைதட்டல் விஜயராணிக்குச் செருப்படியாக விழுந்தது. நோட்டைத் திறந்தாள். முதல் பெயரை அடித்துவிட்டு, மயிலாத்தாள் என்று எழுதினாள்.

"தட்டாதீங்க. பசேல்னு நிக்கறது அவங்க தோட்டம். நாசமாக் கெடக்கறது என்றது. தண்ணிய நிறுத்துங்க அம்மிணின்னு இதே வரப்புல நின்னு சொன்னது அவங்க. 'எல்லாம் எனக்குத் தெரியும், உங்க சோலியப் பாருங்க'ன்னு தொரத்திவிட்டவ நானுங்க."