பதிவு எண்ணின் மேல் ஒரு பொட்டு

லண்டன் தோர்ண்டன் ஹீத்தில் கணக்காளர் ரஜனியின் சிறிய அறை. வெளியே பஸ் போகும்போதெல்லாம் ஜன்னல் கண்ணாடி அதிர்கிறது. மேசையில், பதிவு அலுவலகம் திருப்பி அனுப்பிய உறை கிழிந்து கிடக்கிறது. பக்கத்தில், எதிரே மனைவியோடு உட்கார்ந்திருக்கும் குகானந்தன் பாரிசில் பதினெட்டு வருடமாக நடத்தும் கம்பெனியின் சான்றிதழ். லண்டனில் கிளை பதிவதற்கு அனுப்பியது. பதிவு எண் இருக்கவேண்டிய இடத்தில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு குங்குமப் பொட்டு. காலை வெயில் அதன்மேல் நேராக விழுகிறது. "நம்பர் வாசிக்க ஏலாதாம், அண்ணை. பாரிசில இருந்து புதுசு எடுக்கவேணும்," என்கிறாள் ரஜனி, தலை நிமிராமல்.

"வெள்ளிக்குள்ள பதியாட்டி கடைச் சொந்தக்காரன் கடையை வேற ஆளுக்கு வாடகைக்குக் குடுத்திடுவான்!" குகானந்தன் மேசையில் குத்துகிறார். பேனாக்கள் துள்ளி உருள்கின்றன. மனைவி நகுலேஸ்வரி பக்கம் திரும்புகிறார். "ஆர் உன்னை இதைச் சாமியறையில வைக்கச் சொன்னது? அரசாங்கப் பேப்பருக்குப் பொட்டு வைக்க உனக்கென்ன விசரே?" நகுலேஸ்வரி கைப்பையின் ஜிப்பை மூடுகிறாள், திறக்கிறாள், மறுபடி மூடுகிறாள். "நல்ல காரியத்துக்கு வைக்கிறதுதானே." "வாயை மூடு!" வியர்த்த விரலால் பொட்டை அழுத்தித் தேய்க்கிறார். சிவப்பு, பதிவு எண்ணைத் தாண்டி அவருடைய பெயர்மேலும் பரவுகிறது. இன்னும் தேய்க்கிறார். தாள் கிழிகிறது. "மூளையில்லாத வேலை, மூளையில்லாத வேலை!" கத்திக்கொண்டிருக்கும்போதே அந்தக் கை தானாக உயர்ந்து, விரலில் மிஞ்சிய குங்குமத்தை அவர் நெற்றியில் இட்டுவிடுகிறது.