பரீதா போட்ட கோடு

மூலக்குளத்தில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு. பக்கத்தில் இருப்பவரின் நோட்டை வாங்கித் திருத்தச் சொல்லியிருந்தார் டீச்சர். பரீதாவிடம் வந்தது சகாயசெல்வியின் நோட்டு.

“‘யங்கர் தேன் மீ’ன்னு எழுதாம ‘யங்கர் தேன் ஐ’ன்னு கரெக்டா போட்டுருக்க. ஆனா என்னா செல்வி, ‘வீட்டுக்காரரு என்னவிட சின்னவரு’ன்னு எழுதி வச்சிருக்க?”

சிரித்துக்கொண்டே ‘யங்கர்’ என்ற சொல்லைச் சிவப்புப் பேனாவால் அடித்து, மேலே ‘ஓல்டர்’ என்று எழுதினாள் பரீதா.

“இல்ல பரீதா, சின்னவருதான்.”

“அட! லவ் மேரேஜா?”

“இல்ல, வீட்டுல பாத்துதான் கட்டி வச்சாங்க. அப்போ அவரு என்னவிட மூனு வயசு பெரியவரு.”

“பின்ன எப்படி சின்னவரு ஆனாரு?”

சகாயசெல்வி நோட்டைப் பார்த்தபடியே சொன்னாள்:

“அவரு முப்பத்தஞ்சுலயே போய்ட்டாரு. போன வாரம் எனக்கு முப்பத்தாறு முடிஞ்சிச்சி.”

டீச்சர் அருகில் வந்தார். “செல்வி நோட்டுல எத்தனை தப்பு, பரீதா?”

பரீதா, அடித்த இடத்தை உள்ளங்கையால் மூடிக்கொண்டாள்.

“ஒன்னுதான் மிஸ். அது என்னுது.”